எண்ணிக்கையிலிருந்து பயனுக்கு: அமெரிக்க மருத்துவமனைகளின் கட்டண முறை மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் கட்டணக் குறியீடுகளாக மாற்றுவது), பில்லிங் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அந்த வேலையில் பதினோரு ஆண்டுகள் இருந்து, இப்போது புதிதாகச் சேர்வோருக்கு வகுப்பெடுக்கும் என்னிடம் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பயன்வழிக் கட்டண முறையை அலுவலகத்தில் நாம் ‘வேல்யூ பேஸ்டு கேர்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், திரையில் வரும் ஒவ்வொரு கோப்பையும் பார்க்கும் பார்வையே மாறும் என்பது என் அனுபவம்.

எண்ணிக்கைவழிக் கட்டணம், பயன்வழிக் கட்டணம் என்பவை எவை?

மருத்துவர் பார்த்த ஒவ்வொரு முறைக்கும், எடுத்த ஒவ்வொரு ஸ்கேனுக்கும், செய்த ஒவ்வொரு அறுவைக்கும் தனித்தனியே பணம் தருவது எண்ணிக்கைவழிக் கட்டணம். இதில் மருத்துவமனையின் வருவாய் அது எத்தனை காரியம் செய்தது என்பதைப் பொறுத்தது. நோயாளி எழுந்து நடமாடினாரா என்பதைப் பொறுத்ததன்று. பயன்வழிக் கட்டணத்திலோ, அந்தச் சிகிச்சையால் நோயாளி அடைந்த நலன் என்ன, அதற்கு ஆன மொத்தச் செலவு என்ன என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பணத்தில் ஒரு பகுதியையேனும் அதற்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். மேலாண்மைத் துறைப் பேராசிரியர்களான மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டைஸ்பெர்கும் 2006இல் இதை ஒரு வகுத்தல் கணக்காகவே விளக்கினார்கள்: கிடைத்த நலனைச் செலவால் வகுத்தால் வருவதே மதிப்பு. செலவை மட்டும் குறைத்துவிட்டு நலனையும் சரியவிட்டால் மதிப்பு கூடாது என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பலரும் இதை வெறும் சிக்கன நடவடிக்கையாக நினைப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செய்த வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயந்தானே? அதில் என்ன தவறு?

கூலி கொடுப்பதில் தவறில்லை. எந்த வேலைக்குக் கூலி கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்பதில்தான் சிக்கல். இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. ஒரு கோப்பில் பார்த்தபோது விளங்கியது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், இதயச் செயலிழப்பு உள்ள ஒரு மூதாட்டியின் கோப்பு என்னிடம் வந்தது. ஏறத்தாழ நாற்பது நாள்களில் மூன்று முறை ஒரே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். மூன்று முறையும் கால் வீக்கம், மூச்சுத்திணறல். மூன்று முறையும் ஊசிவழி நீர் போக்கும் மருந்து. மூன்று முறையும் ஐந்தாறு நாளில் டிஸ்சார்ஜ். ‘தினமும் காலையில் எடை பார்க்கவும், கூடினால் அழைக்கவும்’ என்ற அதே வரி மூன்று டிஸ்சார்ஜ் தாள்களிலும் இருந்தது. மூன்றாம் முறை சேர்ந்தபோது ஒரு செவிலியர் எழுதி வைத்த குறிப்பில்தான் உண்மை வெளிப்பட்டது: அவர் வீட்டில் எடை பார்க்கும் கருவியே இல்லை. அந்த மூன்று அனுமதிகளுக்கும் (மருத்துவமனையில் சேர்க்கப்படுவதை அப்படிச் சொல்வோம்) தனித்தனியே முழுக் கட்டணம் வாங்கப்பட்டது. சில டாலர் விலையுள்ள அந்தக் கருவியை வாங்கித் தரவோ, வீட்டில் இருக்கிறதா என்று கேட்கவோ எந்தக் கட்டணக் குறியீடும் இல்லை. அங்கே யாரும் கெட்டவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். ஆனால் நோயாளி வாசலைத் தாண்டிய பிறகு வரும் நாள்களுக்கு எவரும் பொறுப்பாக இல்லை, அந்தப் பொறுப்பை ஏற்பவருக்குப் பணமும் இல்லை.

இந்த மாற்றம் எப்போது தொடங்கியது?

சிந்தனை பழையது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த எர்னஸ்ட் காட்மன், 1910களிலேயே ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, ஓராண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று எழுத வேண்டும், தவறுகளையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று வாதாடினார். சக மருத்துவர்களின் வெறுப்பைச் சம்பாதித்ததுதான் அவருக்கு மிச்சம்.

பணத்தின் கதை 1965இல் தொடங்குகிறது. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் அந்த ஆண்டு சட்டமானது. மருத்துவமனைகள் காட்டும் செலவுக் கணக்கை ஏற்று மெடிகேர் பணம் தந்தது. செலவு கட்டுக்கடங்காமல் போகவே, 1983இல் டி.ஆர்.ஜி. என்ற நோய்வகைக் குழு முறை வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ப்சனும் வகுத்த இந்த முறையில், நோயின் வகைக்கு ஏற்ப ஓர் அனுமதிக்கு ஒரே தொகை. படுக்கையில் தேவையின்றி நாள் கடத்துவது இதனால் குறைந்தது. ஆனால் மறுபடி வந்து சேர்ந்தால் மறுபடி ஒரு தொகை என்பது மாறவில்லை. ஆகவே டி.ஆர்.ஜி.யைப் பாதி வழி என்றுதான் சொல்ல வேண்டும்.

1999இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ என்ற ஆலோசனை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை மருத்துவமனைகளில் இறப்பதாக மதிப்பிட்டு நாட்டை உலுக்கியது. 2008 அக்டோபர் முதல், உடலுக்குள் கருவியை மறந்து வைத்துத் தைப்பது, பொருந்தாத இரத்தம் ஏற்றுவது, மருத்துவமனையிலேயே உண்டாகும் ஆழமான படுக்கைப் புண் போன்றவற்றால் கூடும் செலவுக்கு மெடிகேர் கூடுதல் பணம் தருவதை நிறுத்தியது. 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம்தான் இன்றுள்ள பெரும்பாலான திட்டங்களுக்கு அடித்தளம். 2015 ஜனவரியில், 2018 முடிவதற்குள் மெடிகேர் நேரடியாகத் தரும் பணத்தில் பாதியைப் புதிய முறைகளின் வழியே செலுத்துவோம் என்று அரசு இலக்கும் அறிவித்தது.

30 நாள் மறு அனுமதித் தண்டம் எப்படிச் செயல்படுகிறது?

2009இல் வெளியான ஓர் ஆய்வு, மெடிகேர் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் மீண்டும் படுக்கைக்கு வருவதாகக் காட்டியது. அதன் விளைவாகவே 2012 அக்டோபரில் இந்தத் தண்டம் நடைமுறைக்கு வந்தது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா என்ற மூன்றோடு தொடங்கி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று, இதய பைபாஸ் அறுவை ஆகியவையும் பின்னர் சேர்க்கப்பட்டன. நோயாளிகளின் வயது, உடனிருக்கும் நோய்கள் ஆகியவற்றைக் கணக்கிலெடுத்து எதிர்பார்க்கப்படும் அளவைவிட ஒரு மருத்துவமனையில் மறு அனுமதி அதிகமானால், தொகை பிடிக்கப்படும். முதலாண்டில் உச்சவரம்பு 1 விழுக்காடு, அடுத்து 2, அதற்கடுத்து 3.

இதில் மூன்று விஷயங்களைப் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிடித்தம் அந்த ஆறு நோய்களுக்கான பணத்தில் மட்டுமன்று, அந்த ஆண்டில் வரும் எல்லா மெடிகேர் உள்நோயாளிகளுக்குமான அடிப்படைத் தொகையிலும் விழும். நோயாளி வேறு மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தாலும் முதலில் டிஸ்சார்ஜ் செய்த மருத்துவமனையின் கணக்கில்தான் அது ஏறும். முன்பே திட்டமிட்ட அனுமதிகளை விட்டுவிட்டால், எந்தக் காரணத்துக்காகத் திரும்பி வந்தாலும் அது மறு அனுமதியே.

வேறு என்ன தண்டங்களும் ஊக்கத்தொகைகளும் உள்ளன?

எல்லா மருத்துவமனைகளிடமும் 2 விழுக்காடு முன்கூட்டியே பிடித்து வைத்து, மதிப்பெண்ணுக்கு ஏற்பத் திருப்பிப் பகிர்ந்து தரும் திட்டம் ஒன்று. சிகிச்சையின் விளைவு, பாதுகாப்பு, நோயாளியின் அனுபவம், செலவு என்ற நான்குக்கும் சம எடை. அனுபவத்தை அளக்கும் வினாத்தாளில் ‘செவிலியர்கள் நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா’, ‘இரவில் உங்கள் அறையைச் சுற்றி அமைதி இருந்ததா’ போன்ற கேள்விகள் வருகின்றன. மற்றொன்று, மருத்துவமனையில் தொற்றும் நோய்களிலும் பிற பாதிப்புகளிலும் மிக மோசமான கால் பகுதிக்குள் வரும் மருத்துவமனைகளுக்கு 1 விழுக்காட்டுப் பிடித்தம்.

இவை சிறு பிடித்தங்கள்தானே. முழுமையான மாற்றம் எங்கே நடந்திருக்கிறது?

சரியான கேள்வி. இரண்டு, மூன்று விழுக்காட்டைச் சுற்றி நடப்பது ஓரத்து வேலைதான். ஆழமான ஏற்பாடுகள் மூன்று.

முதலாவது, தொகுப்புக் கட்டணம். பென்சில்வேனியாவின் கைசிங்கர் மருத்துவ அமைப்பு 2006இல் இதய பைபாஸ் அறுவைக்கு ஒரே விலை அறிவித்தது. 90 நாளுக்குள் அறுவை தொடர்பான சிக்கல் எது வந்தாலும் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அறுவைக்கு முன்னும் பின்னும் செய்தே தீர வேண்டிய 40 படிகளைப் பட்டியலிட்டு, ஒன்று விடுபட்டாலும் காரணம் எழுத வேண்டும் என்று விதித்துத்தான் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். 2016 ஏப்ரலில் மெடிகேர் 67 பெருநகரப் பகுதிகளில் மூட்டு மாற்று அறுவைக்கு இதேபோன்ற பொறுப்பைக் கட்டாயமாக்கியது. 2026 ஜனவரியில் தொடங்கிய புதிய கட்டாயத் திட்டம் ஐந்து வகை அறுவைகளுக்கு, டிஸ்சார்ஜுக்குப் பின் 30 நாள் வரை மருத்துவமனையைப் பொறுப்பாக்குகிறது.

இரண்டாவது, 2012இல் தொடங்கிய ஏ.சி.ஓ. என்ற பொறுப்பேற்புக் குழுக்கள். மருத்துவர்களும் மருத்துவமனைகளும் சேர்ந்து குறைந்தது 5,000 மெடிகேர் பயனாளிகளின் ஓராண்டு மொத்தச் செலவுக்கும் தரத்துக்கும் பொறுப்பேற்கிறார்கள். பணம் மிச்சமானால் பங்கு கிடைக்கும், சில வகைகளில் செலவு அளவை மீறினால் நட்டத்திலும் பங்கு உண்டு.

மூன்றாவதுதான் என் பார்வையில் உண்மையான மாற்றம்: மேரிலாந்து மாநிலம். அங்கே 1970களிலிருந்தே மருத்துவமனைக் கட்டணத்தை ஒரு மாநில ஆணையம் நிர்ணயிக்கிறது. எந்தக் காப்பீடானாலும் அதே விலை. 2014 முதல் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு வருவாய் முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. படுக்கை நிறைந்தாலும் காலியானாலும் அந்தத் தொகைதான். அங்கே நோயாளி திரும்பி வராதது மருத்துவமனைக்கு இழப்பாக இல்லாமல் இலாபமாக மாறுகிறது. தண்டம் விதித்து மிரட்டுவதைவிட, இலாபம் வரும் திசையையே மாற்றுவதுதான் நேர்மையான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதனால் மருத்துவமனைக்குள் நடைமுறையில் என்ன மாறுகிறது?

கோப்புகளைப் படிப்பவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணெதிரே தெரியும். முன்பெல்லாம் டிஸ்சார்ஜ் குறிப்பு அரைப் பக்கம் இருக்கும். இப்போது நோயாளி சேர்ந்த மறுநாளே ‘கேஸ் மேனேஜர்’ எழுதும் குறிப்பு வருகிறது: வீட்டில் உடன் இருப்பவர் யார், மாடிப்படி எத்தனை, மருந்துக் கடைக்குப் போக வண்டி உண்டா, சமைப்பது யார். கிளம்பும் நாளில் மருந்தாளுநர், வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையைக் கொட்டி, பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது. செவிலியர் சொல்லிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. ‘நாளைக் காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், நீங்களே சொல்லுங்கள்’ என்று நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைக்கிறார். ஓரிரு நாளில் தொலைபேசி அழைப்பு. ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்த பிறகே வாசலைத் தாண்ட விடுவது. இதயச் செயலிழப்பு நோயாளிக்கு எடைக் கருவியைக் கையோடு கொடுத்தனுப்பிய குறிப்புகளையும் படித்திருக்கிறேன். முதன்முறை அப்படி ஒரு வரியைப் பார்த்த நாளில் அந்த மூதாட்டியை நினைத்துக்கொண்டேன்.

பலன் கிடைத்திருக்கிறதா?

சில இடங்களில் கிடைத்திருக்கிறது. மூட்டு மாற்றுத் திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டுகளில் ஓர் அறுவைக்கான மொத்தச் செலவு சுமார் 3 விழுக்காடு குறைந்தது, சிக்கல்கள் கூடவில்லை. நோயாளிகளைப் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்புவது குறைந்ததே அதற்குப் பெரும் காரணம்.

மற்ற சில இடங்களில் ஏமாற்றம். புதிய கட்டண முறைகளைச் சோதிக்கவென்றே அமைக்கப்பட்ட மெடிகேரின் புத்தாக்க மையம், முதல் பத்தாண்டில் 280 கோடி டாலரை மிச்சப்படுத்தும் என்று கணிக்கப்பட்டது. மாறாக 540 கோடி டாலர் கூடுதல் செலவானது என்று நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் 2023இல் கணக்குக் காட்டியது. நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் அடிக்கடி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் வீட்டுக்கே செவிலியரும் சமூகப் பணியாளரும் சென்று உதவிய திட்டம் நாடெங்கும் புகழ்பெற்றது. 800 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்து 2020இல் வெளியிட்டபோது, ஆறு மாதத்தில் மறு அனுமதி உதவி பெற்றவர்களிடம் 62.3 விழுக்காடு, பெறாதவர்களிடம் 61.7. மிக மோசமான நிலையில் தேர்ந்தெடுக்கப்படுபவர்களில் பலர் எந்த உதவியும் இல்லாமலேயே ஓரளவு தேறிவிடுகிறார்கள் என்பதை ஒப்பீட்டுக் குழு இல்லாத முந்தைய கணக்குகள் மறைத்திருந்தன. தம் திட்டத்தை இப்படி ஒரு சோதனைக்கு உட்படுத்தி, முடிவை மறைக்காமல் வெளியிட உதவிய அந்த அமைப்பினரை நான் மிகவும் மதிக்கிறேன். காட்மன் கேட்டதும் இதைத்தானே.

தண்டத்துக்குப் பயந்து சிகிச்சையை மறுக்க மாட்டார்களா?

இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. 2018 டிசம்பரில் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மறு அனுமதித் தண்டம் வந்த பிறகு இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகளிடையே டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 30 நாள் இறப்பு கூடியதாகக் கண்டது. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை வழங்கும் மெட்பேக் ஆணையமோ, தண்டத்தால் இறப்பு கூடியதாகத் தெரியவில்லை என்று அதே ஆண்டில் முடிவு சொன்னது. வாதம் முடியவில்லை.

எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு வழுவல் ‘அப்சர்வேஷன்’. நோயாளி படுக்கையில்தான் இருப்பார், ஊசி ஏறும், சாப்பாடு வரும். ஆனால் கணக்கில் அவர் புறநோயாளி. ஆகவே மறு அனுமதியாகப் பதிவாகாது. இதில் மறைந்திருக்கும் கொடுமை, அரசே நேரடியாகப் பணம் தரும் மெடிகேர் முறையில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தால்தான் அதன்பின் பராமரிப்பு இல்லச் செலவு கிடைக்கும். அப்சர்வேஷன் நாள்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. மருத்துவமனையின் எண்ணிக்கை அழகாகிறது, பராமரிப்பு இல்லத்தின் பில் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

ஏழைகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு இது அநீதி ஆகாதா?

ஆயிற்று. வீடில்லாதவர், குளிர்பதனப் பெட்டி இல்லாமல் இன்சுலின் வைத்திருப்பவர், தனியே வாழும் முதியவர் ஆகியோர் திரும்பி வருவதற்கு மருத்துவமனையின் தவறு மட்டுமே காரணமன்று. தொடக்க ஆண்டுகளில் இதைக் கணக்கில் எடுக்காததால், பணம் மிகவும் தேவைப்படும் மருத்துவமனைகளே தண்டமும் கட்டின. 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, ஏழை நோயாளிகளின் விகிதத்தை வைத்து மருத்துவமனைகளை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒத்த குழுவுக்குள் ஒப்பிடும் முறை 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது?

மருத்துவமனைகள் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்து நிற்கின்றன. ஒரே மாடியில் ஒரு நோயாளி ஏ.சி.ஓ.வைச் சேர்ந்தவர், அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு எண்ணிக்கைவழிக் கட்டணம் தரும் தனியார் காப்பீடு. முதலாமவரைத் திரும்பி வராமல் காக்க ஆள் வைத்தால், அதே ஆளின் நல்ல வேலையால் இரண்டாமவர் வழி வரும் வருவாயும் போகிறது. ஆனால் எண்ணிக்கையையே நம்பி நிற்பதிலும் ஆபத்து உண்டு: 2020இல் கோவிட் காரணமாகத் தள்ளிவைக்கத்தக்க அறுவைகள் நின்றபோது, எண்ணிக்கையை நம்பிய மருத்துவமனைகளின் வருவாய் சில வாரங்களில் சரிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையானது உண்டா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு சிகிச்சைக்கு ஒரு தொகுப்புக் கட்டணம் என்ற முறை உள்ளது. அது அமைப்பில் டி.ஆர்.ஜி.க்கு நெருக்கமானது, அதாவது முன்னே சொன்ன பாதி வழி. அமெரிக்காவின் மறு அனுமதித் தண்டத்தை அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

கோடராக என் வேலையில் இதற்கு என்ன இடம்?

நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய இடம். ஒரு படுக்கைப் புண்ணுக்குக் குறியீடு போடும்போது, அது சேரும்போதே இருந்ததா என்பதற்கு ‘ஒய்’ அல்லது ‘என்’ என்ற ஓர் எழுத்தை இடுகிறீர்கள். ‘என்’ என்றால் அந்தப் புண்ணை மருத்துவமனை உண்டாக்கியது என்று பொருள். சேர்ந்த அன்றைய செவிலியர் குறிப்பில் தோல் பரிசோதனை இருக்கிறதா என்று தேடாமல் அந்த எழுத்தை இடாதீர்கள். குறிப்பு தெளிவாக இல்லையென்றால் ஊகிக்காமல் மருத்துவருக்குக் கேள்வி அனுப்புங்கள். உடனிருக்கும் நோய்களை விட்டுவிட்டால், கடினமான நோயாளிகளை ஏற்ற மருத்துவமனை கவனக்குறைவானதாகத் தோன்றும். இல்லாத நோயைச் சேர்த்தால் அது மோசடி. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டக் கோப்புகளில் இந்த இரண்டாவது சறுக்கலுக்கு அழுத்தம் அதிகம் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

டிஸ்சார்ஜ் நிலைக் குறியீட்டையும் கடைசி நிமிட வேலையாகப் பார்க்காதீர்கள். 01 என்றால் வீட்டுக்குப் போனார்; 02 என்றால் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்; 03 பராமரிப்பு இல்லம்; 06 வீட்டுக்கே செவிலியர் வரும் ஏற்பாடு. மாற்றப்பட்ட நோயாளிக்கு 01 என்று போட்டுவிட்டால், 30 நாள் கணக்கில் எந்த மருத்துவமனை பொறுப்பு என்பதே தவறிப்போகும். மருத்துவர் ‘வீட்டுக்கு’ என்று எழுதியிருந்தாலும், கேஸ் மேனேஜரின் கடைசிக் குறிப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கோப்பை மூடுங்கள். அந்த மாலையில் ஏற்பாடு மாறியிருப்பது பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.